இணையத்தில் ஒரு கடை: கட்டுவதற்கு முன் எழுத வேண்டியது

சென்ற வருடம் நோன்பு விடுமுறைக்கு மருதமுனைக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த மறுநாளே சாச்சியின் மூத்த மகள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். எனக்கு ராத்தா முறை. மச்சான் மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. வளவுக்குள் கொட்டில் போட்டு மூன்று தறிகளை வைத்து நடத்திவருகிறார். அயலில் உள்ள இரண்டு பெண்களும் அவருமாகச் சாரியும் சாரனும் நெய்கிறார்கள். மருதமுனைக் கைத்தறியைப் பற்றி இந்நாட்டில் நான் புதிதாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ராத்தாவின் குறை இதுதான். கொழும்புக் கடைகளுக்குக் கொடுத்தால் விலையும் குறைவு, காசும் மூன்று நான்கு மாதம் பிந்தித்தான் வரும். நேரடியாக விற்கலாம் என்ற நம்பிக்கையில், ஒரு நிறுவனத்துக்கு ஓர் இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகையைக் கொடுத்து இணையத்தளம் ஒன்றைச் செய்வித்திருந்தார். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். எட்டு மாதங்களில் ஒரு சாரிகூட அதன் மூலம் விற்கவில்லை. ஒன்பதாம் மாதம் தளமே காணாமல் போய்விட்டது. தளத்தின் பெயரை அந்த நிறுவனம் தன்னுடைய பெயரில் பதிந்திருந்ததும், வருடாந்தக் கட்டணம் கட்டப்படாமல் அது காலாவதியானதும் பிறகுதான் தெரியவந்தன.

"காசு போனது ஒரு பக்கம் தம்பி, கடைப் பேரும் போச்சுதே" என்றார். அந்தப் பெயர் மச்சான் வைத்த பெயர்.

பிறகு ஒரு வேலையையும் என் தலையில் வைத்தார். "நீங்க எழுதத் தெரிஞ்ச ஆள். இந்த முறை எழுத்தை நீங்க எழுதித் தாங்க. மகன் மற்றதைப் பார்ப்பான்."

எனக்குக் கணனியில் பெரிய தேர்ச்சி கிடையாது. மத்ரஸாவில் அரபு இலக்கணமும் பிக்ஹும் படிப்பித்துக்கொண்டு காலங்கழிப்பவன். என்றாலும் மறுக்க மனம் வரவில்லை. அந்த விடுமுறையில் ராத்தாவின் விறாந்தையில் இருந்து நான் படித்துக்கொண்டவற்றை, வீட்டிலிருந்தே ஏதோவொரு தொழில் செய்யும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கு எழுதுகிறேன்.

பழைய தளத்தின் படங்கள் சில மருமகனின் கைத்தொலைபேசியில் இருந்தன. பார்க்க அழகுதான். மேலே ஒன்றன் பின் ஒன்றாக ஓடும் படங்கள். அவற்றில் சாரி உடுத்து நின்றவர்கள் யாரோ வெளிநாட்டு அழகிகள். அந்தச் சாரிகளும் ராத்தாவின் தறியில் நெய்தவையல்ல. கீழே ஆங்கிலத்தில் 'எமது நோக்கு', 'எமது பணி' என்று இரண்டு பந்திகள். சாரியின் விலை என்ன, எத்தனை மீற்றர், எத்தனை நாளில் வந்து சேரும் என்ற விபரம் ஓரிடத்திலும் கிடையாது. வாங்க வந்தவர் எதைப் பார்த்து வாங்குவார்?

கொப்பியில் தொடங்கிய வேலை

முதலில் நான் கேட்டது, "ராத்தா, உங்களிடம் வாங்குவது யார்?" என்பதைத்தான். "எல்லாரும்தான்" என்றார். வியாபாரம் செய்யும் அனைவரும் சொல்லும் பதில் இது. இன்னும் கொஞ்சம் கிண்டிக் கேட்டபோது மூன்று வகையினர் என்பது தெரிந்தது. மொத்தமாக எடுக்கும் கடைக்காரர் ஒருவகை. கலியாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சாரி ஒரே நிறத்தில் கேட்கும் குடும்பத்தார் இன்னொரு வகை. மூன்றாவது, பாடசாலைக்கும் காரியாலயத்துக்கும் சாரி உடுத்துச் செல்லும் ஆசிரியைகளும் உத்தியோகத்தர்களும். கடைக்காரருக்கு மொத்த விலை வேண்டும். கலியாண வீட்டாருக்குக் குறித்த திகதிக்குக் கிடைக்குமா என்பது முக்கியம். ஆசிரியைக்கோ சாயம் போகுமா, கஞ்சி போட வேண்டுமா, அடுத்த மாதச் சம்பளத்துக்குள் அடங்குமா என்ற கேள்வி. மூவருக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்லப் போனால் ஒருவருக்கும் பதில் கிடைக்காது. "யாருக்கு விற்றால் கையில் உடனே காசு வருகிறது?" என்று கேட்டேன். "டீச்சர்மாருக்கு" என்றார். அப்படியானால் தளம் டீச்சர்மாருக்கு என்று முடிவு செய்தோம். மற்ற இருவகையினருக்கும் ஒரு தொலைபேசி இலக்கம் போதும்.

அடுத்து ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினோம். இரண்டு வாரத்துக்குத் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் யார் என்ன கேட்டாலும், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அதில் எழுதும்படி ராத்தாவிடம் சொன்னேன். எழுத்துக்கூட்டல் பிழைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டு வாரம் முடிந்ததும் நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள் சேர்ந்திருந்தன. ஒரே கேள்வி ஒன்பது தடவை வந்திருந்தது: "படத்தில தெரியிற நிறம்தானா நேரிலயும்?" அதற்கு அடுத்தது, "காசை முதல்ல போட்டா சாமான் வருமா?"

இணையத்தளத்துக்கான திட்டம் என்று படித்தவர்கள் எதை எதையோ சொல்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கொப்பிதான் திட்டம். கேள்விகளை இனம் பிரித்தபோது பக்கங்கள் தாமாகவே அமைந்தன. சாரிகளுக்கு ஒரு பக்கம், ஓடர் செய்யும் முறையும் தபாலும் மாற்றிக் கொடுப்பதும் ஒரு பக்கம், நாங்கள் யார் என்பதற்கு ஒரு பக்கம், முகப்பு, தொடர்பு. ஐந்துக்கு மேல் தேவைப்படவில்லை. ஓடும் படங்களைப் பற்றி யாருமே கேட்டிருக்கவில்லை.

தொட்டுப் பார்க்க முடியாத கொள்வனவு

இவ்விடத்தில் ஒரு பாடத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. பிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பகுதியில் 'ஸலம்' என்றொரு பாடம் வரும். விலையை முற்பணமாகக் கொடுத்து, பொருளைப் பின்னர் பெற்றுக்கொள்ளும் வியாபாரம் அது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் வருடக் கணக்கில் முன்கூட்டியே பழங்களுக்கு விலை கொடுத்துவந்தனர். அளவு தெரிந்ததாக, நிறை தெரிந்ததாக, தவணை தெரிந்ததாக இருக்க வேண்டுமென அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இமாம்கள் இதை விரித்து, பொருளின் இனம், தன்மை, அளவு, கொடுக்கும் காலம், கொடுக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக நிபந்தனை வகுத்திருக்கிறார்கள். விலைபோகும் பொருளின் தன்மையை, பின்னர் தர்க்கம் எழாதவாறு வர்ணிக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பேரீச்சம்பழக் காலத்துச் சட்டமாகவே தோன்றியிருந்தது. ராத்தாவின் கொப்பியை வாசித்த அன்றுதான், முகந்தெரியாத ஒரு ஆசிரியை காசை முதலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நிலைக்கு அந்த நிபந்தனைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பது விளங்கியது. நான் இங்கு பத்வா எதுவும் கொடுக்க வரவில்லை. ஒரு பொருளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியல் கைகொடுத்தது. அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு சாரிக்கும் கீழே இப்படி எழுதினோம்: பருத்தி நூல், நீளம் ஐந்தரை மீற்றர், அதற்கு மேல் சட்டைத் துண்டு முக்கால் மீற்றர், அகலம் இவ்வளவு, முதல் கழுவலில் சற்றுச் சுருங்கும், முதல் இரண்டு தடவையும் தனியாகக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும், கடும் நிறமென்றால் ஆரம்பத்தில் கொஞ்சம் சாயம் விடும். "சாயம் விடும் என்று நாமே எழுதுவதா?" என மருமகன் தயங்கினான். கழுவியதும் அந்த ஆசிரியைக்கு எப்படியும் தெரியத்தானே போகிறது! முன்னரே அறிந்தவர் தனியாகக் கழுவுவார். அறியாதவர் வெள்ளைச் சட்டையோடு ஊறவைத்துவிட்டுப் பத்துப் பேரிடம் நம்மைப் பற்றிச் சொல்வார்.

நெய்யும்போது நூல் அறுந்து முடிச்சு விழுந்த சாரி ஒன்றும் இருந்தது. கரையோரம் இரண்டு இடத்தில் தெரியும். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியைக் கேட்டதும் நாம் சிறுவயதிலேயே கேட்ட செய்திதான். ராத்தா தாமாகவே அந்த முடிச்சுகளைக் கிட்டவைத்துப் படமெடுத்து, விலையில் அறுநூறு ரூபா குறைத்துப் போடச் சொன்னார்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூப் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் குங்குமச் சிவப்பு வேறு ஏதோவாகத் தெரிந்தது. காலை எட்டு ஒன்பது மணிக்கு, வெயில் நேரடியாகப் படாத விறாந்தையில் எடுத்தபோது நிறம் சரியாக வந்தது. ஒரு சாரிக்கு நான்கு படங்கள்: முழுச் சாரி, முந்தானை, கரை, துணியின் நெசவு தெரியும்படி கிட்ட எடுத்தது. தன் குமர்ப்பிள்ளைகளை உடுத்தி நிறுத்திப் படமெடுத்து ஊருக்குக் காட்ட ராத்தாவுக்கு விருப்பமில்லை. அது நியாயமே. கம்பில் மடிப்புவிட்டுத் தொங்கவிட்டு எடுத்தோம். தறியில் நெய்துகொண்டிருக்கும் கைகளை மட்டும் ஒரு படம் எடுத்தோம். பின்னர் வாங்கிய பலர் அந்தக் கைகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்றே மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். இருபது படங்களை அப்படியே போட்டால், டேட்டா முடியும் மாதக் கடைசியில் எந்த ஆசிரியையும் பக்கம் திறக்கும்வரை காத்திருக்கமாட்டார். ஒவ்வொன்றையும் இருநூறு கிலோபைட்டளவுக்குச் சுருக்கியும் தெளிவு குறையவில்லை. சுருக்கித் தரும் இலவச வசதிகள் இணையத்திலேயே நிறைய உண்டு. வாங்குவோரில் அநேகர் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால், செய்துமுடித்த ஒவ்வொரு பக்கத்தையும் ராத்தாவின் பழைய கைத்தொலைபேசியிலேயே திறந்து பார்த்தோம்.

எந்த மொழியில் எழுதுவது?

ராத்தாவின் ஆசிரியைகளில் அரைவாசிப் பேர் சிங்களம் பேசுவோர். பழைய தளமோ ஆங்கிலத்தில் மாத்திரம் இருந்தது. இம்முறை தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். சிங்களத்தைக் கணனியின் மொழிபெயர்ப்புக்கு விடாமல், ஊரிலுள்ள சிங்கள பாட ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து எழுதுவித்தோம். ஆங்கிலத்தில் முகவரியும் விலையும் மட்டும்.

தமிழ் எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் நாட்டு அச்சகங்களும் விளம்பரப் பலகை செய்வோரும் நெடுங்காலமாகப் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சுச் செய்துவருகிறார்கள். அச்சுக்கு அது பிழையில்லை. ஆனால் அதை அப்படியே எடுத்து இணையத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகக் குழம்பித் தெரியும். கூகுளில் 'கைத்தறிச் சாரி' என்று தேடுபவருக்கும் அந்தப் பக்கம் அகப்படாது. யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்ய வேண்டும். கைத்தொலைபேசியில் நாம் தமிழில் எழுதுவதெல்லாம் யுனிகோட்தான். எழுத்துக்களைப் படமாக்கிப் போடுவதும் இதே பிழைதான்.

சாவி யார் கையில்?

எல்லாவற்றிலும் முக்கியமானது ராத்தா ஓர் இலட்சம் கொடுத்துப் படித்த பாடம். இணையத்தளத்தில் இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று பெயர், அதாவது கடைப் பலகை. மற்றது தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம், அதாவது வாடகை நிலம். இரண்டுக்கும் வருடாந்தக் கட்டணம் உண்டு. செய்துதருபவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், இரண்டையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சல் முகவரியில் பதிய வேண்டும். தந்தையின் காணியை ஒருவரும் மேசனின் பெயரில் எழுதிக்கொடுப்பதில்லையே!

இலங்கைக்குரிய '.எல்கே' பெயர்களை எல்கே பெயர்ப் பதிவகம் வழங்குகிறது. 2010ஆம் ஆண்டிலிருந்து '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயரும் பாவனையில் இருக்கிறது. அதற்கு முன் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். மச்சானின் பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஊரின் பெயரைச் சேர்த்துப் புதிதாகப் பதிந்தோம். கடவுச்சொற்களும் கட்டணம் கட்டும் திகதியும் அதே சீ.ஆர். கொப்பியின் கடைசித் தாளில் இருக்கின்றன. சுவரில் தொங்கும் கலண்டரிலும் அந்தத் திகதிக்குச் சிவப்பு வட்டம்.

"பேஸ்புக் இலவசமாக இருக்கும்போது இவ்வளவு எதற்கு?" என்று கேட்கலாம். பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் விடச் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டிவர அவைதான் நல்ல வழி. ஆனால் அவை பிறர் வளவு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் கலவரம் நடந்தபோது இவை நாட்டில் பல நாட்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அவ்வாறே நடந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகம் முழுவதும் நின்றுபோயின. சிறு கடைகளுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த ஒற்றைப் பக்கத் தளங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டன. எனினும் கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இன்றும் இலவசம்தான். வீட்டு முகவரியைக் காட்ட விரும்பாத சகோதரிகள், அதை மறைத்துவிட்டுச் சேவை வழங்கும் பிரதேசத்தை மட்டும் காட்டலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவுக்கு இடியப்பமும் வட்டலப்பமும் கொடுக்கும் சகோதரிக்கு இணையத்தளம் தேவையே இல்லை. வட்ஸ்அப் போதும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல அடுப்பை வாங்குங்கள்.

தளம் செய்துதர வருவோரிடம் கவனம் தேவை. முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டு அடையாளத்துக்கு ஒருவர் எங்களிடம் தனியாகப் பணம் கேட்டார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை இலவசமாக வழங்குகிறது. அநேகமான தளக் கம்பனிகளும் அதைச் சேர்த்தே தருகின்றன. "கூகுளில் முதலாவதாக வரச் செய்கிறோம்" என்று இன்னொருவர் உறுதி கூறினார். அப்படி உறுதி கொடுக்க யாராலும் முடியாது என்று கூகுளே சொல்கிறது. மருமகன் கடைசியில் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளைக்கொண்டு தானே செய்தான். மூன்று வாரம் எடுத்தது. பேர்வழி நித்திரையில்லாமல் ஸஹருக்கு எழும்பிய நாட்களும் உண்டு.

பணம் பெறும் முறையில் ராத்தா வங்கியில் போடுவதையும், பொருள் கையில் கிடைத்ததும் பணம் கொடுப்பதையும் வைத்துக்கொண்டார். இரண்டாவது முறையில் சிலர் பொதியை வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள். போய்வரும் கூலி நம் தலையில். ஆகவே முதல் தடவை வாங்குவோருக்கு மட்டுமே அது என்று எழுதினோம். மாற்றிக் கொடுக்கும் நாட்களையும், தபால் கூலி யாருக்கு என்பதையும் எழுதினோம். தளத்தில் எழுதியது வெறும் பேச்சாகாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்செய்தி மூலமான ஒப்பந்தங்களையும் ஏற்றுக்கொள்கிறது. வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி என்பன அமானிதம். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. முகவரி தெரியும்படி பொதிகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் நம்மவரிடம் அதிகம். அதை விட்டுவிடுங்கள். தொழிலுக்கென வேறு சிம் ஒன்றை வைத்து, அழைக்கக்கூடிய நேரத்தையும் எழுதிவிட்டால், இரவு பத்து மணிக்கு "ஹலோ, சாரி இருக்கா?" என்று தெரியாத ஆண் குரல்கள் வருவதும் குறையும்.

தளம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன் திறந்தது. முதலில் விற்றது அந்த முடிச்சு விழுந்த சாரி. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு மாதத்துக்கு ஆறு, ஏழு என்று போகிறது. கொழும்புக் கடைகளை ராத்தா இன்னும் விடவில்லை. மூன்றில் ஒரு தறி மட்டும் இப்போது தளத்துக்காக ஓடுகிறது.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, குருநாகலிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டதாக ராத்தா சொன்னார்: "சாரி கட்டி பஸ்ஸில ஒரு மணித்தியாலம் போனா கசங்குமா?" தளத்தில் அதற்குப் பதில் இல்லை.

"கசங்குமா ராத்தா?" என்றேன்.

"கசங்காம என்ன, பருத்திதானே. கொப்பில எழுதி வெச்சிரிக்கன் தம்பி. நீங்க லீவுக்கு வரக்கொள்ள ஒழுங்கா எழுதித் தாங்க."